ஐந்து நட்சத்திரக் குளிர்

பார்கவ் வேலை பார்க்கும் இடத்தில் கோடையும் மழையும் பொத்தானைத் தட்டினால் வரும். ஹைதராபாத்துக்கு வெளியே ஓர் ஏசி கம்பெனியின் சோதனைக்கூடம் அது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள். ஒன்றை வீடு என்றும் மற்றதை வெயில் என்றும் வைத்துக்கொண்டு, நடுச்சுவரில் ஏசியை மாட்டி ஓடவிட்டு, அது எவ்வளவு கரண்டைத் தின்று எவ்வளவு குளிரைக் கொடுக்கிறது என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. நல்ல பிழைப்புதான். ஆனால் நாள் முழுக்க எதற்காவது மதிப்பெண் போட்டுக்கொண்டே இருப்பவனுக்கு வெளியே வந்தாலும் வாய் சும்மா இருக்காது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஹைமவதியிடம், அவள் ஹாஸ்டலில் என்ன ஏசி, எத்தனை நட்சத்திரம் என்று கேட்டவன் அவன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

கல்யாணமான முதல் கோடைக்கு மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அதுவும் ராஜமுந்திரியில், ரோகிணி கார்த்தி என்கிற கத்திரி வெயில் நடக்கிற நாளில். கோதாவரி பக்கத்திலேயே ஓடுகிறது என்று பெயர். வெயில் அதையெல்லாம் மதிப்பதில்லை. ரயிலை விட்டு இறங்கி கொப்பரைச் சந்துக்குள் ஆட்டோ நுழைவதற்குள் பார்கவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சந்தில் வீடுகள் எதிரும் புதிருமாக நெருக்கியடித்து நின்றன. எல்லா வீட்டுப் படுக்கையறைச் சுவரிலும் ஜன்னலுக்குக் கீழே ஒரே அளவில் ஒரு சதுரம், பலகை வைத்து மூடியிருந்தது. பார்த்தான். பார்த்ததோடு சரி.

மாமனார் சூர்யபிரகாச ராவ் வாசலிலேயே நின்றார். கோதாவரி வழியே பாபிகொண்டலு மலைகளுக்குப் போகும் சுற்றுலா லாஞ்சில் டிக்கெட் சூப்பர்வைசர். வெயிலில் வெந்து வெந்து பிடரி கறுத்த மனிதர். கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, நேராக உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே குளிர்ந்திருந்தது. சுவரில் ஒரு பழைய விண்டோ ஏசி, மாவு மில் போல உறுமிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சத்தம் போடும் மாப்பிள்ளை, மன்னிச்சுக்கணும்," என்றார் மாமனார். "அதுவும் நல்லதுக்குத்தான்னு வச்சுக்கங்களேன். சூர்யம் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கார்னு தெருவுக்கே சொல்லிடுது."

பார்கவ் பெட்டியைக்கூட வைக்கவில்லை. ஏசியின் முகத்தருகே குனிந்தான். மூலை ஒன்று நசுங்கியிருந்தது. நட்சத்திரச் சீட்டு எப்போதோ உதிர்ந்து பசை மட்டும் இருந்தது.

"இது எந்தக் காலத்து மெஷின் மாமா? இன்னும் ஓடுதா?"

"ஏதோ ஓடுதுங்க," என்றார் அவர், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு சற்றுச் சுருங்கியதை ஹைமவதி பார்த்தாள், பார்கவ் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் பலாக்கொத்துப் பொரியல், மாங்காய்ப் பருப்பு, நெய், ஆவக்காய் என்று இலை நிறைந்தது. மாமியார் சீதாரத்தினம் மாப்பிள்ளைக்கு எதிரே வந்து நின்று பேசுகிற வழக்கமில்லாதவள். கதவுக்குப் பின்னாலிருந்தே பரிமாறச் சொல்லி மகளை ஏவிக்கொண்டிருந்தாள். இலையைப் பாராட்ட வேண்டியவன் ஏசியைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ஒரு பங்கு கரண்டைக் கொடுத்தா எத்தனை பங்கு குளிர் வருதுன்னு பார்க்கணும். அதுதான் கணக்கு. உங்க மெஷின் ரெண்டு, ரெண்டரை தாண்டாது. இப்ப வர்ற அஞ்சு நட்சத்திர இன்வர்ட்டர் ஸ்பிளிட்டு அஞ்சு பங்கு கொடுக்கும். அதே கரண்டுக்கு ரெட்டிப்புக் குளிர்."

"அடேங்கப்பா," என்றார் மாமனார்.

"பழசு ஓடினா முழு மூச்சா ஓடும், அறை குளிர்ந்ததும் நின்னுடும், திரும்ப எழுந்து முழு மூச்சா ஓடும். இன்வர்ட்டர் அப்படியில்ல. அறை குளிரக் குளிர வேகத்தைத் தானே குறைச்சுக்கும். நிக்காது."

"கரைகிட்ட வந்ததும் எங்க டிரைவர் லாஞ்சை மெதுவாக்குவானே, அந்த மாதிரி."

"அதேதான். அப்புறம் விண்டோவில ஓட்டை பெருசு, சுத்திலும் வெளிக்காத்து கசியும். ஸ்பிளிட்டுல கையளவு துளைதான். இதை வச்சிருக்கறது பணத்தைக் கொளுத்திக் குளிர் காயற மாதிரி மாமா. சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க. ஏதாவது காயலான் கடைக்குத் தள்ளிடுங்க."

ஹைமவதி அவன் இலையில் நெய்யை ஊற்றினாள். தேவைக்கு மேலேயே ஊற்றினாள். "சாப்பிடுங்க முதல்ல," என்றாள். கதவுக்குப் பின்னால் சீதாரத்தினத்தின் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அதுதான் கொடுமையே. மாமனார் பாவம், தெரியாமல் கரண்டுக்கு அழுதுகொண்டிருக்கிறார், நாமே ஒரு நல்லது செய்துவிடுவோம் என்று நினைத்தான். செய்வதைச் சொல்லாமல் செய்தால் இன்னும் அழகு என்றும் நினைத்தான். ஊரில் அவர்கள் கம்பெனி சரக்கை விற்கும் சத்திபாபுவுக்கு ஃபோன் போட்டான். சத்திபாபு, "உங்களுக்கு இல்லாததா சார்? பழசை எடுத்துக்கிட்டுப் புதுசை மாட்டிட்டே போயிடறோம்," என்றான்.

மறுநாள் காலை மாமனார் லாஞ்சோடு மலைகளுக்குள் போயிருந்தார். அங்கே ஃபோன் எடுக்காது. ஹைமவதி பக்கத்து வீட்டுக் கொண்டலராவின் மனைவியோடு துணிக்கடைக்குப் போயிருந்தாள். அந்த வீட்டுப் பெண் பத்மலதாவுக்குப் போன வாரம்தான் அமலாபுரத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரோடு அன்று சாயங்காலம் மறுவீட்டுக்கு வருகிறார்கள் என்று சந்து முழுக்க வெல்லப்பாகு வாசனை.

சத்திபாபுவின் ஆட்கள் டிராலி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சீதாரத்தினம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை பாபு, அவர் வந்துடட்டுமே. வந்தப்புறம் செய்யலாமே."

"மாமா வந்தா வேண்டாம்பார் அத்தை. அதான் இப்பவே செய்யறேன்."

"அதுக்கில்லை... அந்த மெஷின்..."

"ராசியான மெஷினா? பழசு மேல எல்லாருக்கும் ஒரு பாசம் இருக்கும் அத்தை. ரெண்டு நாள்ல மறந்துடும்."

அவள் உள்ளே போய் மகளுக்கு ஃபோன் அடித்தாள். அது அடுத்த அறையில் சார்ஜரில் கிடந்து பாடியது. புருஷனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

ஆட்கள் பழைய ஏசியைச் சுவரிலிருந்து உருவும்போது சந்தே கூடிவிட்டது. மூன்றாம் வீட்டு மாணிக்யாம்பா, சந்தில் யாரையும் எதற்கும் விட்டுவைக்காத வாய், இடுப்பில் கை வைத்து நின்றாள். கொண்டலராவ் பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பார்கவைப் பார்த்தார்கள்.

"எக்ஸ்சேஞ்சுல போகுதுங்க," என்று பார்கவ் பொதுவாக அறிவித்தான். "மாமாவுக்குப் புதுசு போடறேன். அஞ்சு நட்சத்திரம்."

"நல்ல காரியம்தானுங்க மாப்பிள்ளை," என்றார் கொண்டலராவ். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "நல்ல காரியம்தான்."

ஆட்கள் படியில் தடுமாறினார்கள். கொண்டலராவ் தானே முன்னால் வந்து ஒரு பக்கம் கை கொடுத்தார். தகரம் கையைக் கிழிக்காத இடமாகப் பார்த்து, நசுங்கிய மூலைக்குக் கீழே சரியாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பரவாயில்லையே, உதவி செய்கிற சனங்கள் என்று பார்கவ் மனதுக்குள் மெச்சிக்கொண்டான். ஆட்டோ திரும்பும் வரை கொண்டலராவ் அங்கேயே நின்றார். முகத்து நுரை காய்ந்துவிட்டிருந்தது.

பழைய ஓட்டையைப் பலகை வைத்து இறுக்கமாக அடைத்தார்கள். புது ஏசி சுவரின் உச்சியில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்தது. வெளிப்பெட்டியை மாட்ட இடம் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கில் கொண்டலராவ் வீட்டு ஜன்னலுக்கு நேராக முடுக்கினார்கள். பார்கவ் பையிலிருந்து தன் மீட்டரை எடுத்து வயரில் கவ்வவிட்டுப் பார்த்தான். அறை குளிர்ந்ததும் கரண்டு இறங்கி இறங்கி, பழசு இழுத்ததில் கால்வாசிக்கு வந்து நின்றது. சந்தோஷமாகக் கட்டிலில் மல்லாந்தான்.

ஹைமவதி துணிப்பைகளோடு உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள். பைகள் கையிலிருந்து நழுவி விழுந்தன.

"பழசு எங்கே?"

"போயிடுச்சு. எப்படி என் வேலை?"

"எங்கேன்னு கேட்டேன்."

"எக்ஸ்சேஞ்சுல கொடுத்தாச்சு. ஏன், என்ன ஆச்சு?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அது நம்ம வீட்டுது இல்லைங்க."

"பின்னே?"

"தெருவோடது. சந்துல எல்லாரும் சேர்ந்து வாங்கினது. எந்த வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வர்றாரோ அந்த வீட்டுச் சுவர்ல போய் உட்காரும். அதுக்குத்தான் எல்லா வீட்டுலயும் ஒரே அளவுல ஓட்டை. மாப்பிள்ளை போனதும் அடுத்த வீடு. இன்னைக்கு நாம மாடி அறைக்கு மாறிக்கறதா, இது பத்மலதா வீட்டுக்குப் போறதா இருந்தது. கொண்டலராவ் மாமா பத்து மணிக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தார்."

பார்கவ் எழுந்து உட்கார்ந்தான். "கொண்டலராவா? அவர்தானே தூக்கி ஏத்திவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்வார்? இது உங்க மாமனாருது இல்லைன்னு உங்க முகத்துக்கு நேரா சொன்னா, எங்க அப்பா மரியாதை என்னாகும்? தன் மாப்பிள்ளைக்கு இல்லாட்டிப் போகுதுன்னு வாயை மூடிட்டு நின்னிருப்பார்."

"நீயாவது சொல்லியிருக்கலாம் ஹைமா."

"என்னன்னு சொல்றது? எங்க அப்பாவால ஒரு ஏசி வாங்க முடியலை, தெரு ஏசியில உங்களைப் படுக்க வச்சிருக்கோம்னா?" அவள் விழுந்த பைகளைப் பொறுக்கி எடுத்தாள். "நேத்து இலையில உட்கார்ந்து அதைக் காயலான் கடைக்குப் போடுன்னு சொன்னீங்களே. அப்ப அவர் முகத்தைப் பார்த்தீங்களா நீங்க?"

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. பார்கவுக்குக் காது மடல் சுட்டது. அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்தான்.

சத்திபாபுவுக்கு ஃபோன் போட்டான். எக்ஸ்சேஞ்ச் பழசெல்லாம் அப்படியே உடைத்துச் செம்பு எடுக்கிறவனிடம் போய்விடும், அங்கே கேளுங்கள் சார் என்று வழி சொன்னான் சத்திபாபு. பார்கவ் மாமனாரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் ரயில்வே லைன் தாண்டிப் போனான். தகரக் கொட்டகையில் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் செம்புக் குழாய் சுருட்டி வைத்திருந்தது. கம்ப்ரசரை நெஞ்சைப் பிளந்ததுபோலப் பிளந்து போட்டிருந்தது. சுவரோரமாக அந்த நசுங்கிய மூலைத் தகரம் தனியே சாய்ந்திருந்தது.

"இதை மறுபடி சேர்க்க முடியுமா?" என்று கேட்டான் பார்கவ். வருஷக்கணக்காக ஏசிகளை ஆராய்கிறவன் கேட்கிற கேள்வியா அது.

கொட்டகைக்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க சார்," என்றான்.

வரும் வழியெல்லாம் மனதில் ஏதேதோ கணக்குப் போட்டான். புதுசைக் கழற்றிக் கொண்டலராவ் வீட்டில் மாட்டலாமா? துளை போட்டு, குழாய் இழுத்து, கேஸ் ஏற்றி முடிப்பதற்குள் மறுவீட்டு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிடுவார். அப்படியே மாட்டினாலும் அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வீட்டுக்கு நகராது. ஒரு பழைய மெஷின் ஒரு தெருவின் அத்தனை பெண்களைப் பெற்றவர்களையும் தலை நிமிர வைத்திருந்தது. அதற்கு நட்சத்திரம் போட அவன் சோதனைக்கூடத்தில் ஒரு வழியும் இல்லை. வேறு விண்டோ ஏசி கிடைக்குமா என்று மறுபடி சத்திபாபுவைக் கேட்டான். "இந்தச் சீசன்ல ஒண்ணுகூட இல்லை சார். அதையெல்லாம் இப்ப யார் வாங்கறா?" என்றான் சத்திபாபு.

ஊரெல்லாம் அலைந்துவிட்டுச் சாயங்காலம் சந்து முனைக்கு வந்தபோது குரல்கள் கேட்டன. ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்தினான். லாஞ்சு திரும்பிவிட்டிருந்தது. மாமனார் உடுப்பைக்கூட மாற்றாமல் கொண்டலராவ் வீட்டு வாசலில் நின்றார். தோள் துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. சந்து முழுக்க அவரைச் சுற்றி நின்றது.

"என் தப்புதான். நான்தான் மாத்தச் சொன்னேன்," என்றுகொண்டிருந்தார். "புதுசு மேல ஆசை. புத்தி கெட்டுப்போச்சு கொண்டலு."

"உனக்கு வெட்கமா இல்லையா சூர்யம்?" மாணிக்யாம்பாதான். "தெருச் சொத்தைத் தூக்கிக் கொடுக்க உனக்கு யாருய்யா அதிகாரம் கொடுத்தா? அந்தப் பொண்ணு புருஷனைக் கூட்டிக்கிட்டு வரப்போகுது. எங்கே படுக்க வைக்கிறது? உன் லாஞ்சுலயா?"

"சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"கேட்டுக்கறதாவது. வெயில்ல சுத்திச் சுத்தி மண்டை இளகிப்போச்சு உனக்கு."

மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமனார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பார்கவுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. காலையில் இவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். யார் செய்தது என்று இங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. மாப்பிள்ளையைத் திட்ட முடியாது. ஆனால் யாரையாவது திட்டித்தான் ஆகவேண்டும். அதற்காக அவர் வந்து நின்று கொடுக்கிறார், அவர்கள் திட்டுகிறார்கள்.

முன்னால் போனான். "நான்தாங்க செஞ்சேன். மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாது. காலையில நீங்கதான் பார்த்தீங்களே."

கொண்டலராவ் தரையைப் பார்த்தார். மாணிக்யாம்பாவின் குரல் ஒரே நொடியில் மெத்தென்று ஆகிவிட்டது.

"நீங்க உள்ள போங்க பாபு. என்ன வெயில் இது. முகமெல்லாம் செவந்துபோச்சே."

"இல்லை, நான்தான்..."

"மோர் கொடு சீதா, மாப்பிள்ளைக்கு. உப்பு போட்டுக் கொடு." பிறகு மாமனார் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். "அறிவு வேணாமா சூர்யம் உனக்கு?"

இரண்டு கன்னத்திலும் அறைந்திருந்தால் பார்கவ் தாங்கியிருப்பான். யாரோ அவன் முழங்கையை மரியாதையாகப் பிடித்து வீட்டுப் படியில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டு அறையிலேயே அவர்கள் படுக்கட்டும் என்று ஹைமவதி போய்க் கேட்டுப் பார்த்தாள். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை அடுத்த வீட்டில் படுக்க வைத்தான் என்று ஊர் சொல்லுமே அம்மா என்று கொண்டலராவ் மறுத்துவிட்டார். அவர் வீட்டு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி, தண்ணீர் தெளிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

பார்கவ் அறைக்குள் வந்ததும் முதல் காரியமாக ஏசியை அணைத்தான். வெளிப்பெட்டியின் வெந்த காற்று அந்தத் தட்டியின் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அறை வேக ஆரம்பித்தது. அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மாமனார் கதவைத் தட்டிவிட்டு வந்தார். இரண்டு நாளில் அவர் அந்த அறைக்குள் வந்து உட்கார்வது அதுதான் முதல் தடவை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஏன் அணைச்சுட்டீங்க மாப்பிள்ளை? போடுங்க."

"வேண்டாம் மாமா. அவங்க ஜன்னல்ல அடிக்குது." அவர் கால்களைப் பிடித்துவிடலாமா என்று இருந்தது அவனுக்கு. "மாமா, எனக்கு என்ன சொல்றதுன்னே..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். தெருவுல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க நீங்க. மாப்பிள்ளையை வெயில்ல நிக்க வச்சுப் பதில் சொல்ல வச்சான் சூர்யம்னு ஆயிடும். என்னை நாலு பேர் திட்டினா ரெண்டு நாள்ல ஆறிடும். நீங்க பதில் சொல்லி நின்னா அதுதான் பெருசா வலிக்கும் எனக்கு." அதைச் சொல்லிவிட்டு, ஏதோ தயங்கிக் கட்டில் சட்டத்தைத் தடவினார். "ஆனா ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுங்க மாமா. எதுவானாலும்."

"அது ஏன் மாத்தினேன்னு எல்லாரும் கேட்கிறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை. ஆசைன்னா மட்டும் யாரும் நம்பற மாதிரி இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்துல கொண்டலு சம்பந்திங்க வேற வந்துடுவாங்க, அவங்க முன்னாடியும் கேட்பாங்க. நேத்து சாப்பிடும்போது நீங்க ஒரு கணக்குச் சொன்னீங்களே, பழசு எவ்வளவு தின்னும், புதுசு எவ்வளவு கொடுக்கும்னு. அதைத் திரும்பச் சொல்லுங்க. அப்படியே சொல்லிடறேன்."

பார்கவ் அவர் முகத்தைப் பார்த்தான். இந்த முறை பார்த்தான். கேலி இல்லை, குத்தல் இல்லை. நாளைக்குப் பரீட்சை இருக்கிற பிள்ளைபோல அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் மாமா."

"மெதுவாச் சொல்லுங்க. எனக்குச் சட்டுனு நிக்காது."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பத்மலதாவின் பெயரைச் சொல்லி யாரோ ஆரத்தித் தட்டு கேட்டார்கள். மாமனார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வந்துட்டாங்க. சீக்கிரம்," என்றார்.

"ஒரு பங்கு கரண்டுக்கு," என்று ஆரம்பித்தான் பார்கவ். வேர்வை கண்ணில் இறங்கியது. "ஒரு பங்கு கரண்டுக்குப் பழசு ரெண்டரை பங்கு குளிர்தான் தரும் மாமா."

"ரெண்டரை பங்கு," என்றார் மாமனார்.

"புதுசு அஞ்சு பங்கு."

"அஞ்சு பங்கு. ரெட்டிப்பு. சரிதானே?"

"சரி மாமா," என்றான் அவன். அவர் உதட்டுக்குள் அதையே முணுமுணுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.